பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகம்: மூன்று மாதம் பாடிப் பார்த்தபின்

அம்மாவுக்குக் கண்புரை. அவருக்காகத்தான் இந்தப் பெரிய எழுத்துக் கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகத்தை வாங்கினேன். படைப்பின் துதி என்ற பகுதிதான் இதன் உயிர். பைபிளின் 148-ஆம் சங்கீதத்தில் சூரியன், சந்திரன், கல்மழை, கனிமரங்கள் எல்லாம் கர்த்தரைத் துதிக்க அழைக்கப்படுகின்றன. அடுத்த பக்கத்திலேயே, சூரியனைச் சகோதரன் என்று சொல்லும், இத்தாலியத் துறவி அசிசி பிரான்சிஸின் பாட்டு. 1225 வாக்கில், பார்வை மங்கிய நிலையில் அவர் இயற்றியது. அதைச் சொன்னதும் அம்மா அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

கிருபைப் பகுதியில் ஜான் நியூட்டனின் 'அமேசிங் கிரேஸ்' பாட்டு உண்டு. அடிமைக் கப்பல் தலைவனாக இருந்தவர் எழுதியது என்ற குறிப்பு இல்லாதது பெரிய குறை. அது தெரிந்தால்தானே அந்த வரிகள் நெஞ்சைத் தொடும்? தாளும் மெல்லியது, பின்பக்க எழுத்து தெரிகிறது. அப்புறம், விரித்து வைத்தால் புத்தகம் மூடிக்கொள்வதில்லை. அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டே பாடுகிறார்.