சனலிங் செயலி: நம்பர் வேறு, நேரம் வேறு

கொழும்பில் விசேட வைத்திய நிபுணரைப் பார்க்க இப்போது போன் போதும்; சனலிங் செயலிகள், அதாவது டொக்டரைப் பார்க்க முன்கூட்டியே நம்பர் எடுக்கும் செயலிகள், அந்தளவுக்கு வேலை செய்கின்றன. டொக்டரின் பெயரை முழுதாக அடிக்காதீர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் கொஞ்சம் மாறினாலும் ஆள் அகப்படமாட்டார். முதல் நாலு எழுத்துப் போதும். ஒரே டொக்டர் ஒரு நாள் நாரஹேன்பிட்டியிலும் இன்னொரு நாள் வெள்ளவத்தையிலும் இருப்பார். ஆஸ்பத்திரிப் பெயரைப் பார்க்காமல் காசு கட்டிவிடுவதுதான் வழக்கமான பிழை.

திரையில் தெரிவது டொக்டர் வரும் நேரம், உங்கள் நேரமல்ல. 5 மணி, நம்பர் 23 என்றால், ஆளுக்கு 5 நிமிடம் வைத்தாலும் முன்னால் 110 நிமிடம். அதுவும் டொக்டர் நேரத்துக்கு வந்தால்! புறப்படுமுன் கவுன்டருக்கு அடித்து எத்தனையாம் நம்பர் போகிறது என்று கேளுங்கள்.

இரத்த ரிப்போர்ட் போனுக்கே வருவது பெரிய உதவி. ஆனால் எல்லை தாண்டிய எண்ணைத் தடித்த எழுத்தில் காட்டுவதோடு சரி, விளக்கம் இல்லை. பிறகென்ன, கூகுள்தான். இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி 6.6 என்றால் சலரோகம் என்று சொல்லும். இரும்புச்சத்துக் குறைவான இரத்தசோகையிலும் அந்த எண் கூடிக் காட்டலாம். முடி வளர விழுங்கும் பயோட்டின் தைரொயிட் சோதனையைக் குழப்பும். இரத்தம் கொடுக்குமுன் சொல்லிவிட வேண்டும்.

நெஞ்சுவலிக்குச் செயலியைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 1990 அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.