கெபி, கோல்ஃப் வண்டி, கொலை: நோட்டர் டேம் துப்பறியும் வரிசை

ரால்ஃப் மெக்கினெர்னி எழுதிய நோட்டர் டேம் வரிசையில் மொத்தம் 13 ஆங்கில நாவல்கள். முதலாவது 1997இல் வந்த 'ஆன் திஸ் ராக்னி', கடைசி 2010இல் வந்த 'ஷாம் ராக்'. கொலையின் வேர் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்தான்: அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகரை ஒட்டியிருக்கும் நோட்டர் டேம் பல்கலைக்கழக வளாகம். ராத்தூக்கத்தைக் கெடுக்கிற துப்பறியும் கதை தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. கத்தோலிக்கத் துறவறச் சபை தொடங்கிய ஒரு பெரிய கல்வி நிறுவனத்துக்குள் யாருக்கு யார் மேல் என்ன புகைச்சல் என்று பார்க்க ஆசை இருந்தால் தாராளமாக வாங்கலாம். சென்னையில் பெரம்பூர், ராயபுரம், ஆர்மேனியன் தெரு என்று கோயிலைச் சுற்றி வளர்ந்தவர்களுக்குப் பாதி விஷயம் சொல்லாமலே புரிந்துவிடும். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் தயாராகிக்கொண்டு உட்கார வேண்டும்.

முதலில் இடம். பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சுப் பெயரைத் தமிழில் சொன்னால் ஏரி மாதா. திருச்சிலுவைச் சபைக் குரு எட்வர்ட் சோரின் 1842இல் தொடங்கியது. 1879இல் முதன்மைக் கட்டடம் எரிந்துபோய், அதே ஆண்டில் மறுபடி எழும்பியது. அதன் தங்கக் குவிமாடத்தின் உச்சியில் மாதா சுரூபம். பக்கத்தில் திரு இருதயப் பேராலயம். அதற்குப் பின்னால் இறங்கினால் 1896இல் கட்டிய லூர்து கெபி, அதாவது மாதா குகை. பிரான்சில் உள்ள மூலக் கெபியில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். பிப்ரவரி 11 திருவிழாவுக்குப் பெரம்பூரில் மெழுகுவர்த்தி ஏற்றியவர்களுக்கு அந்த இடத்தின் அமைதியை விளக்கத் தேவையில்லை. கெபியைத் தாண்டினால் இரண்டு ஏரிகள். கிழக்குப் பக்கம் 1963இல் திறந்த 14 மாடி நூலகம்; அதன் தெற்குச் சுவரில் கைகளை உயர்த்திய கிறிஸ்துவின் பெரிய ஓவியம்; அந்தச் சுவர் பார்க்கிற திசையில் விளையாட்டரங்கம். இவ்வளவையும் ஒரு தாளில் கிறுக்கிப் புத்தகத்துக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கிருந்து எங்கே நடந்தார் என்பதைப் பின்தொடர அது கைகொடுக்கும்.

மெக்கினெர்னி அங்கே தத்துவப் பேராசிரியர். பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கிய அதே 1955இல் சேர்ந்து 2009 வரை இருந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் இறந்துபோனார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே வளாகத்தில் இருந்தவருக்கு எந்த வதந்தி எந்த வராந்தாவில் பிறக்கும் என்பது அத்துப்படி. துப்பறிகிறவர்கள் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் பிலிப் நைட், தனியார் துப்பறிவாளர், விளையாட்டுப் பித்து. தம்பி ரோஜர், கத்தோலிக்கத்துக்கு மாறியவர், கத்தோலிக்க ஆய்வுத் துறைப் பேராசிரியர். உடம்பு பெருத்துப்போய் நடக்க முடியாததால் வளாகத்துக்குள் கோல்ஃப் வண்டியில்தான் சவாரி. கூடவே ஓய்வு பெற்ற குரு ஃபாதர் கார்மடி. நிறுவனத்தின் மானத்துக்கு ஆபத்து என்றால் தொலைபேசியைக் கையில் எடுக்கிறவர். பழைய தாளாளர் ஃபாதர்களைப் பார்த்தவர்களுக்கு இவர் உடனே பிடிபடுவார்: பதவி போனாலும் செல்வாக்கு போகாத ரகம். பிறகு ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் கிரெக் வீலன். எல்லோரிடமும் திக்குகிறவர், ரோஜரிடம் மட்டும் சரளமாகப் பேசுவார். ரோஜருக்குத் துப்பு கிடைப்பது பெரும்பாலும் ரத்தக்கறையில் அல்ல, பழைய காகிதங்களில். 'ஐரிஷ் கில்ட்' நாவலில் வரும் ஃபாதர் சாம், பரிணாமக் கொள்கை பற்றி 1896இல் நூல் எழுதி ரோமோடு சிக்கலில் மாட்டிய நிஜ மனிதர். அவருடைய காகிதங்களைக் கிளறுவதும் துப்பறிதல்தான் என்று நம்ப வைத்துவிடுகிறார் ஆசிரியர்.

வரிசையின் பலம், கொலைக்கான காரணங்கள். சொத்து, கள்ளக்காதல் என்ற வழக்கமான சரக்கு இல்லாமல் இல்லை; ஆனால் அடியில் ஓடுவது அந்த வளாகத்துக்கே உரிய காரணம். 1999இல் வந்த 'ஐரிஷ் டென்யூர்' நல்ல உதாரணம். தத்துவத் துறையில் இளம் ஆசிரியர்கள் இரண்டு பேர், நிரந்தர இடம் ஒன்று. டென்யூர் என்ன என்று புரியாமல் படித்தால் இதற்கெல்லாமா கொலை என்று தோன்றும். அமெரிக்காவில் உதவிப் பேராசிரியராகச் சேர்கிறவருக்கு வழக்கமாக ஆறு வருஷம் தவணை. ஆறாவது வருஷம் அவருடைய கட்டுரை, புத்தகம், வகுப்பு எல்லாவற்றையும் துறைக் குழு எடைபோடும். கோப்பு டீனுக்குப் போய், அங்கிருந்து மேலே தலைவர் வரை ஏறும். கிடைத்தால் ஆயுசுக்கும் வேலை. கிடைக்காவிட்டால் 'பழைய பதவியிலேயே இரு' என்ற பேச்சே கிடையாது. இன்னும் ஒரு வருஷம், பிறகு பெட்டியைக் கட்ட வேண்டும். நம் ஊர்க் கல்லூரியில் எய்டட் போஸ்டுக்கும் செல்ஃப் ஃபைனான்ஸ் போஸ்டுக்கும் உள்ள தூரம் தெரிந்தவர்கள் அந்தப் பதற்றத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே சிலபஸ், சம்பளம் மட்டும் வேறு உலகம். வித்தியாசம் என்னவென்றால், இங்கே முடிவு நிர்வாகத்தின் கையிலும் அரசு ஒப்புதலிலும் இருக்கிறது. அங்கே பக்கத்து அறையில் காபி குடிக்கிற சக ஆசிரியர்களே வாக்களிக்கிறார்கள். பகை அதனால்தான் அவ்வளவு நெருக்கத்தில் வளர்கிறது. யார் சாகிறார் என்று சொல்லப்போவதில்லை.

'எமரால்டு ஐல்' இன்னொரு நல்ல முடிச்சு. படிக்கும்போதே ஒரு ஜோடி, பல வருஷம் தள்ளி ஒரு தேதிக்குப் பேராலயத்தைத் திருமணத்துக்குப் பதிவு செய்துவிடுகிறது, பிறகு பிரிந்துவிடுகிறது, தேதியை மட்டும் யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. தவக்காலம், திருவருகைக்காலம் கழித்தால் மிஞ்சுகிற தேதிகளுக்கு எவ்வளவு தள்ளுமுள்ளு என்பது, மூன்று ஞாயிறு கோயிலில் திருமண ஓலை வாசித்துக் கல்யாணம் முடித்த குடும்பங்களுக்குத் தெரியும்.

இடறும் இடம் கால்பந்து. தலைப்புகளில் திரும்பத் திரும்ப வரும் 'ஐரிஷ்' பல்கலைக்கழக அணியின் பட்டப்பெயர். ஆனால் இது வியாசர்பாடிப் பையன்கள் ஆடுகிற ஆட்டம் அல்ல. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து: நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, அதுதான் டச் டவுன். அதற்குச் சைகையாக நடுவர் இரண்டு கையையும் தூக்குவார். நூலகச் சுவரில் கை தூக்கி நிற்கும் கிறிஸ்துவை மாணவர்கள் 'டச் டவுன் ஜீசஸ்' என்று கேலியாக அழைப்பது இதனால்தான். முதல் நாவலின் தலைப்பில் இருக்கும் நூட் ராக்னி 105 ஆட்டம் வென்ற பயிற்சியாளர், 1931இல் விமான விபத்தில் இறந்தவர். 'இந்தப் பாறையின் மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்' என்ற மத்தேயு வசனத்தின் மேல் அவர் பெயரை ஏற்றியிருக்கிறார் ஆசிரியர். எல்லாத் தலைப்பும் இப்படிச் சொல் விளையாட்டுதான். சில ரசிக்கும்படி, சில பல் கூசும்படி.

குறைகளும் சின்னதல்ல. சடலம் விழத் தாமதமாகிறது. அதற்குள் பெயர்கள் வந்து குவிந்துவிடுகின்றன. அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதை வேறொருவர் மனசுக்குள் நுழைவதால் ஒரு சிக்கல்: குற்றவாளியின் மனசுக்குள்ளும் நுழைந்தாக வேண்டும், ஆனால் அவர் எதை நினைக்கிறார் என்பதை மட்டும் மூட வேண்டும். வாசகரோடு நேர்மையாக ஆட வேண்டிய ஆட்டத்தில் இது அழுகுணி. காவல்துறைப் பகுதி இன்னும் மெலிவு. இங்கே ஹாஸ்டலில் ஒருவர் இறந்து கிடந்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194ஆம் பிரிவில் விசாரணை, வட சென்னை என்றால் பெரும்பாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை என்று நமக்கு ஒரு வரிசை மனசில் இருக்கிறது. இண்டியானாவில் சாவு விசாரணைக்கான கொரோனரை மக்களே தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். கதைக்குத் தீனி போடக்கூடிய எவ்வளவு பெரிய விஷயம்! ஆசிரியருக்கு அதில் அக்கறை இல்லை. உள்ளூர் லெப்டினன்ட் வருவார், போவார். விடை ரோஜர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் உருவாகும்.

இன்னொன்று, ஆசிரியரின் முணுமுணுப்பு. 1967இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத் தலைவர்கள் சிலர் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்தில் கூடி, வெளி அதிகாரம் எதற்கும், அது திருச்சபையாகவே இருந்தாலும், கட்டுப்படாத சுதந்திரம் வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அதே ஆண்டு நோட்டர் டேம் நிர்வாகத்தில் பொதுநிலையினருக்கு, அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களுக்கு, அதிகாரம் வந்தது. தலைவர் மட்டும் இன்றுவரை திருச்சிலுவைச் சபைக் குருதான். 1990இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனி ஆணை எழுதினார். இந்த இழுபறியில் மெக்கினெர்னி பழைமைப் பக்கம் நின்றவர், அதை மறைக்கவும் மாட்டார். ஒத்துப்போகிறவர்களுக்குச் சிரிப்பு வரும், மற்றவர்கள் சில பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

வரிசைப்படி படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஒவ்வொன்றும் தனிக்கதை. 'ஐரிஷ் டென்யூர்' முதலில், 'எமரால்டு ஐல்' அடுத்து, காகித வாசனை பிடித்தவர்களுக்கு 'ஐரிஷ் கில்ட்'. 'ஆன் திஸ் ராக்னி'யை ஆட்டம் கொஞ்சம் பழகிய பிறகு எடுங்கள். சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் இந்த மாதிரி அமெரிக்க நாவல்கள் பழைய நூலகப் பிரதிகளாகக் கண்ணில் பட்டால், காசு கொடுப்பதற்கு முன் புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பாரம் (சேர்த்து மடித்த தாள்கட்டு) முழுசாக இருக்கிறதா, பக்க எண் தொடர்கிறதா என்று பாருங்கள். கை மாறி வந்த பிரதிகளில் முதலில் கழன்று விழுவது முதுகுப் பசை, அதோடு போவது கடைசிப் பக்கங்கள். மேலுறையின் உள்மடிப்பில் இருக்கும் கதைச்சுருக்கத்தை மட்டும் படிக்காதீர்கள். ஆசிரியர் நிதானமாகக் கொண்டுவரும் சடலத்தைப் பதிப்பகத்தார் அங்கேயே கிடத்திவிடுகிறார்கள்.