பெட்டியில் போன டேப்லெட், பெட்டியிலேயே திரும்பியது

இந்த முறை ஊருக்குக் கிளம்பும்போது அக்கா மகளுக்கு ஒரு டிராயிங் டேப்லெட், அதாவது லேப்டாப்பில் செருகிப் பேனாவால் வரைகிற பலகை, வாங்கிக்கொண்டு போனேன். நான் வைத்திருக்கும் அதே விலை கூடிய மாடல். "எங்கிட்ட ஒண்ணு இருக்கே மாமா" என்று அவள் போனில் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது மலிவு ரகம். இதைத் தொட்டுப் பார்த்தால் அதைப் பரணில் போட்டுவிடுவாள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

போன அன்றைக்கே டேப்லெட் படுத்துவிட்டது. விளக்கு எரிகிறது, லேப்டாப்புக்கு மட்டும் அப்படி ஒன்று செருகியிருப்பதே தெரியவில்லை. கம்பெனியின் சேவை எண்ணைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் எடுத்தவர் சீரியல் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, "இது வேற நாட்டுல வாங்கினது சார், வாரண்டி அங்கதான் செல்லும்" என்றார். என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளிநாட்டில் இருந்து வாங்கிப் போகிறவர்கள் பில் போடும் முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

தப்பு என்னுடையதுதான். பெட்டி எடை கூடுகிறதே என்று அட்டைப்பெட்டியோடு கேபிளையும் வீட்டில் விட்டுவிட்டு, கையில் கிடைத்த சார்ஜர் கேபிளைக் கொண்டுபோயிருந்தேன். அதில் மின்சாரம் போகும், டேட்டா போகாது. அவள் தன்னுடைய கேபிளைக் கழற்றிச் செருகினாள். உடனே கர்சர் நகர்ந்தது.

அடுத்தது டிரைவர் சண்டை. டிரைவர் என்பது டேப்லெட்டை லேப்டாப்போடு பேசவைக்கும் மென்பொருள். அவளுடைய பழைய டேப்லெட் கம்பெனியின் டிரைவரை நீக்காமல் புதியதைப் போட்டதால், எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமன். இரண்டையும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, ஒன்றை மட்டும் போட்டதும் சரியானது. ஆனால் வட்டம் போட்டால் முட்டையாக வந்தது. டேப்லெட்டின் நீள அகல விகிதம் திரையோடு பொருந்தாவிட்டால் இப்படித்தான். டிரைவர் செட்டிங்கில் விகிதத்தைப் பூட்டிவிட்டால் போதும்.

பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரைந்தோம். பேனாவின் அழுத்தத்தை எத்தனை படிகளாகப் பிரித்து உணரும் என்பதற்கு, இரண்டின் பெட்டியிலும் 8192 அழுத்த நிலைகள் என்றுதான் போட்டிருக்கிறது. அந்த எண்ணை நம்பி யாரும் காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். வேக்கம் கம்பெனியின் இன்டுவோஸ் மாடலில் 4096தான், ஒன் பை வேக்கம் மாடலில் 2048தான். அவற்றில் நன்றாக வரைகிறவர்கள் எத்தனையோ பேர். பேட்டரி இல்லாத பேனாவும் இப்போது மலிவு ரகங்களிலேயே வருகிறது. நான் பார்த்தது வேறு. ஸ்கேலை வைத்து, மெதுவாக, சாய்வாக ஒரு கோடு இழுத்தேன். அவளுடையதில் கோடு லேசாக நெளிந்தது. நான் கொண்டுபோன என்னுடையதில் நேராகப் போனது. இறகால் வருடுவது போலத் தொட்டேன்; என்னுடையது பதிந்தது, அவளுடையது இன்னும் கொஞ்சம் அழுத்தம் கேட்டது. ஆனால் அவள் இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரைப் போட்டுக்கொண்டு அதே கோட்டை இழுத்தபோது எது எதில் வரைந்தது என்று எனக்கே தெரியவில்லை. பென்சிலைப் படுக்கவைத்து நிழல் தீட்டுவது போல வரைகிறவருக்குச் சாய்வை உணரும் பேனா தேவை. இவள் வரைவது கார்ட்டூன் முகங்கள்.

அளவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எனக்குப் பெரிய திரை, முழங்கையிலிருந்து வீசி வரைவேன், மீடியம் அளவு டேப்லெட் சரிப்படும். அவளோ சின்ன லேப்டாப்போடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கட்டால் வரைகிறவள். மடியில் என் டேப்லெட்டை வைத்தால் லேப்டாப்புக்கு இடமில்லை.

அவள் பேனாவின் நிப், அதாவது முனை, ஒரு பக்கமாகத் தேய்ந்து உளி மாதிரி இருந்தது. நிப் கழற்றும் வளையத்தில் கவ்வி உருவிவிட்டு, பெட்டியோடு வந்த உதிரி நிப் ஒன்றைச் செருகினாள். "உங்களோடதுல தேஞ்சா, நீங்க வர்ற வரைக்கும் நான் காத்திருக்கணுமா மாமா?" என்றாள்.

வரும்போது பெட்டியில் டேப்லெட் இருந்தது. அடுத்த முறை என்ன வேண்டும் என்று கேட்டேன். கை வியர்த்துப் பலகையில் ஒட்டுகிறதாம். வரைகிறவர்கள் போட்டுக்கொள்ளும் அந்த இரண்டு விரல் கையுறை போதுமாம்.