டார்கா கூரையா, டி-டாப் கூரையா?

கழற்றக்கூடிய கூரையுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில், 1965-இல் அறிமுகமான போர்ஷே 911 டார்காவையும் 1968-இல் டி-டாப்புடன் வந்த ஷெவ்ரோலே கார்வெட்டையும் ஒப்பிட்டால், வேறுபாடு தலைக்கு மேலேயே தொடங்குகிறது. டார்காவில் இருக்கைகளுக்குப் பின்னே அகன்ற வளைவு நிற்க, மடித்து வைக்கக்கூடிய ஒரே கூரை இருப்பதால், அதை எடுத்தால் வானம் தடையின்றித் தெரிகிறது. கார்வெட்டிலோ, காரின் உடல் முறுக்கிக்கொள்வதைத் தடுக்க நடுவே ஒரு தண்டு வைக்க நேர்ந்ததால், கூரை இரண்டு கண்ணாடியிழைப் பலகைகளாகப் பிரிந்தது; இதுவே டி-டாப். கழற்றி ஓரமாக வைத்த பலகை காரைவிட்டுப் பிரிந்துபோவது எளிது என்பதால், இரண்டும் அசலாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ரப்பர் விளிம்புகளும் கார்வெட்டில் கூடுதல், ஆகவே மழைநீர் கசிய இடங்களும் கூடுதல். என் தேர்வு டார்காவே. ஆனாலும் அசல் பலகைகளோடு ஒரு கார்வெட் கிடைத்தால், அதைக் கைவிட எனக்கு மனம் வராது.