சாயுலிடாவா, புவெர்ட்டோ எஸ்கோன்டிடோவா?

இரண்டுமே மெக்சிகோவின் பசிபிக் கரையில் அலைச்சறுக்குக்குப் பேர்போன ஊர்கள். நாலு நாள்தான் விடுமுறை என்றால் நான் சாயுலிடா பக்கம்தான் சாய்வேன். புவெர்ட்டோ வயார்ட்டா விமான நிலையத்தில் இறங்கி வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் கடற்கரை. ஊரை ஒட்டியே அலை, அதுவும் புதிதாகப் பலகை ஏறுபவர் விழுந்து எழத் தோதான அலை. குறை என்றால் கூட்டம்தான். தெருவெல்லாம் கோல்ஃப் வண்டி.

ஓவாஹாகா மாநிலத்து எஸ்கோன்டிடோ வேறு ரகம். சிகாதெலா கடற்கரை அலைக்கு 'மெக்சிகன் பைப்லைன்' என்றே பேர். கோடையில் கரைக்கு அருகிலேயே குழாய்போல் சுருண்டு இடிக்கும், குளிக்கக்கூட இறங்காதீர்கள். கற்றுக்கொள்ள கரிசலியோ என்ற குட்டி வளைகுடா உண்டு. நூற்றைம்பதுக்கு மேல் படிகள். சரி, இறங்கிவிடலாம், வெயிலில் பலகையோடு ஏறும்போதுதான் தெரியும்! அப்புறம் மனியால்டெபெக் காயல்: நிலா இல்லாத இரவில் கையை விட்டு அளைந்தால் தண்ணீர் நீலமாக ஒளிரும். இது ஒன்றுக்காகவே மனசு தடுமாறும்.

முன்பு ஓவாஹாகா நகரிலிருந்து எஸ்கோன்டிடோ போக மலைப்பாதையில் ஆறேழு மணி நேரம் குலுங்க வேண்டும். 2024-ல் புது நெடுஞ்சாலை திறந்தபின் சுமார் மூன்று மணி நேரம். கையில் ஒரு வாரம் இருந்தால் எஸ்கோன்டிடோவுக்கே டிக்கெட் போடுங்கள்.