ஷெல்லி டிம்மர் 2: வாங்கும் முன் பல்பையும் போர்டையும் பாருங்கள்

ஹாலில் விளக்கு மங்க வேண்டும், ஆனால் சுவரில் இருக்கும் மாடுலர் பிளேட்டை மாற்றக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்குக் கையில் இருக்கும் நல்ல வழிகளில் ஒன்று பல்கேரியாவின் ஷெல்லி நிறுவனம் செய்யும் டிம்மர் 2. தீப்பெட்டியை விடச் சற்றே தடித்த ஒரு மாடுல். ஸ்விட்சுக்குப் பின்னால் பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளும், பழைய ஸ்விட்ச் பழைய இடத்திலேயே இருக்கும். வைஃபை உள்ளேயே இருப்பதால் தனி ஹப் வேண்டாம். இப்போது அடுத்த தலைமுறை மாடலும் வந்துவிட்டது. ஆனால் கீழே சொல்லும் வயரிங் விஷயங்களில் முக்கால்வாசி இந்த வகை டிம்மர் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலிலேயே சொல்லிவிடலாம்: டிம்மர் நல்ல பொருள். அதை மாட்டிய பிறகு வரும் புகார்களில் பெரும்பாலானவை பல்பிலும் போர்டிலும் பிறப்பவை. ஆப் அமைப்பது பத்து நிமிட வேலை. அதற்கு முந்தைய இரண்டு சோதனைகளைத் தவிர்த்தால் மொத்தக் காசும் வீண்.

பல்பு முதலில்

நம் வீடுகளில் ஃபால்ஸ் சீலிங்கில் வரிசையாக இருக்கும் பேனல் லைட், சிஓபி லைட்களில் பெரும்பகுதி மங்கலாக்க முடியாதவை. மோசமான தரம் என்று அர்த்தமில்லை. நம் ஊரின் ஏற்ற இறக்க வோல்டேஜைத் தாங்குவதற்காக அவற்றின் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி) 100 முதல் 300 வோல்ட் வரை எது வந்தாலும் ஒரே கரண்டை வெளியே தரும்படி செய்யப்பட்டிருக்கும். டிம்மர் பாதி மின்சாரத்தை வெட்டினாலும் அந்த டிரைவர் "வோல்டேஜ் குறைந்திருக்கிறது, ஈடுகட்டுவோம்" என்று இழுத்துப் பிடித்து அதே வெளிச்சத்தைத் தரும். ஒரு கட்டத்துக்கு மேல் முடியாமல் அணையும், மீண்டும் எரியும், மீண்டும் அணையும். இதைத்தான் 'டிம்மர் சரியில்லை, லைட் துடிக்கிறது' என்கிறார்கள்.

டிரைவர் பெட்டியின் மேல் 'டிம்மபிள்' என்று எழுதியிருக்க வேண்டும். அதிலும் 'ட்ரையாக்' அல்லது 'ஃபேஸ் கட்' என்று இருக்க வேண்டும். 'டாலி' என்றோ '0-10 வோல்ட்' என்றோ இருந்தால் அவற்றுக்கு வேறு கன்ட்ரோலர். 0-10 வோல்ட்டுக்கு ஷெல்லியிலேயே தனி மாடல் உண்டு. ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டால் நிறமோ வெளிச்சமோ மாறும் 'சீன் ஸ்விட்ச்' பல்புகளை டிம்மரோடு சேர்க்கவே கூடாது. விஸ், ஹ்யூ போன்ற ஸ்மார்ட் பல்புகளும் அப்படியே. அவற்றுக்குள் மங்கலாக்கும் மூளை ஏற்கெனவே இருக்கிறது, வெட்டப்பட்ட மின்சாரம் அதைக் கெடுக்கும். கோவ் லைட்டில் ஓடும் 12 அல்லது 24 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கும் இந்த டிம்மரைச் சாதாரண எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக்கும் பெட்டி) முன்னால் போடாதீர்கள். ஸ்ட்ரிப்பின் டிசி பக்கத்தில் கன்ட்ரோலர் போடுவதே முறை.

ஃபேன்? வேண்டவே வேண்டாம். இது விளக்குக்கான பொருள்.

ஒரே அறையில் இரண்டு கம்பெனி பல்புகளைக் கலந்து ஒரே டிம்மரில் போட்டால், ஒன்று 20 சதவீதத்தில் அணையும்போது இன்னொன்று எரிந்துகொண்டிருக்கும். ஒரு சர்க்யூட்டுக்கு ஒரே மாடல், முடிந்தால் ஒரே நாளில் வாங்கியது. ஒன்று கூடுதலாக வாங்கி வைத்தால் பிற்காலத்தில் மாற்ற உதவும்.

எத்தனை வாட்

சாதாரண குண்டு பல்பு, ஹாலஜன் என்றால் 230 வோல்ட்டில் 220 வாட் வரை தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. எல்இடிக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்இடி டிரைவர் மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை, ஒவ்வொரு அலையிலும் ஒரு சிறு நேரத்தில் கொத்தாக இழுக்கும். அதனால் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 12 வாட் டவுன்லைட் என்றால் எட்டு போட்டால் 96 வாட். அத்தோடு போதும். மூடிய பெட்டிக்குள், ஏப்ரல் மே வெயிலில், மேற்குச் சுவரில் இருக்கும் போர்டு என்றால் இன்னும் குறைத்தாலும் தப்பில்லை. சூடு அளவு மீறினால் டிம்மர் தானே அணைத்துக்கொள்ளும், நீங்கள் 'அடிக்கடி ஆஃப் ஆகிறது' என்று வைஃபையைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

போர்டுக்குள்

இந்த மாடல் நியூட்ரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். ஆனால் நியூட்ரல் இருந்தால் அதைக் கட்டாயம் கொடுங்கள். இல்லையென்றால் டிம்மர் தன் சொந்த மின்தேவையைப் பல்பு வழியாகவே இழுக்கும். குறைந்த வாட் எல்இடியில் அது அணைத்த பிறகும் மெல்லிய ஒளியாகவோ, நிமிடத்துக்கு ஒரு மின்னலாகவோ தெரியும். அப்போது பல்புக்கு இணையாகப் 'பைபாஸ்' என்ற சிறு துண்டை மாட்ட வேண்டும். அதை மாட்ட வேண்டிய இடம் விளக்கின் பக்கம், போர்டில் அல்ல.

தமிழ்நாட்டில் நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான போர்டில் ஒரு 5 ஆம்ப் சாக்கெட் இருக்கும். அதனால் நியூட்ரலும் அங்கேயே இருக்கும். மாடிப்படி, பாத்ரூம் வெளிப்புறம், போர்ட்டிகோ போர்டுகளில்தான் வெறும் பேஸ் லூப்பும் (ஸ்விட்சுக்கு வரும் பேஸ் வயர்) லைட்டுக்குப் போகும் வயரும் மட்டும் வந்து நிற்கும்.

இங்கேதான் கவனம். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே விழும் பாதுகாப்பு ஸ்விட்ச்) ஒன்றுக்கு மேல் இருந்தால், எந்த ஆர்சிசிபியிலிருந்து பேஸ் வருகிறதோ அதே குழுவின் நியூட்ரலைத்தான் எடுக்க வேண்டும். கைக்கு எட்டியது என்று பக்கத்துச் சர்க்யூட்டின் நியூட்ரலைப் போட்டால் லைட் எரியும், ஆர்சிசிபி விழும்.

அதைவிட ஆபத்தானது யூபிஎஸ் லைன். த்ரீ பேஸ் கனெக்‌ஷன் உள்ள வீடுகளில் ஒரே போர்டில் ஈபி பேஸ் ஒன்றும், யூபிஎஸ் வழியாக வரும் பேஸ் ஒன்றும் பக்கத்துப் பக்கத்து ஸ்விட்சில் இருக்கும். டிம்மருக்குப் பேஸ் வரும் 'எல்' முனைக்கு ஒன்றும், ஸ்விட்ச் வழியாக, தட்டலை அறியும் 'எஸ்டபிள்யூ1' முனைக்கு இன்னொன்றும் போய்விட்டால், அவை வேறு வேறு பேஸாக இருக்கும் பட்சத்தில் நடுவே சுமார் 400 வோல்ட் நிற்கும். டிம்மர் போய்விடும், பக்கத்தில் கை வைத்திருப்பவர் கதியும் கஷ்டம். டெஸ்டர் இரண்டிலும் எரியும், அதனால் டெஸ்டரை நம்ப முடியாது. மல்டிமீட்டரில் இரண்டு பேஸுக்கும் இடையே அளந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

யூபிஎஸ் ஸ்கொயர் வேவ் வகை என்றால் அந்த லைனில் டிம்மர் போட வேண்டாம். மின்சார அலை பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தை வைத்துத்தான் டிம்மர் வெட்டுகிறது. ஸ்கொயர் வேவில் அந்தக் கடப்பு திடீரென்று நடக்கும். கரண்ட் போனதும் லைட் இரையும் அல்லது துடிக்கும். சைன் வேவ் யூபிஎஸ் என்றால் தொல்லை இல்லை.

கனெக்‌ஷன் நேரடியானது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்வதே சரி. கூட நின்று பார்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவு:

1. எம்சிபியை இறக்கி, போர்டில் மீட்டரால் 0 என்று உறுதி செய்த பிறகே பிளேட்டைக் கழற்றுவது. யூபிஎஸ்ஸையும் ஆஃப் செய்ய வேண்டும். ஈபி மெயினை இறக்கினால் யூபிஎஸ் வேலை செய்யத் தொடங்கிவிடும், அந்தப் பேஸ் உயிரோடுதான் இருக்கும்.
2. ஸ்விட்சிலிருந்து லைட்டுக்குப் போகும் வயரைக் கழற்றி டிம்மரின் 'ஓ' முனையில்.
3. ஸ்விட்சுக்கு வரும் பேஸ் லூப்பிலிருந்து ஒரு துண்டு 'எல்' முனையில். பேஸ் லூப் ஸ்விட்சிலும் இருக்க வேண்டும்.
4. ஸ்விட்சின் காலியான மறு முனையிலிருந்து 'எஸ்டபிள்யூ1'க்கு ஒரு துண்டு.
5. நியூட்ரல் 'என்' முனையில்.

துண்டு வயர் 1 சதுர மிமீ போதும். நம் வயர் எல்லாம் பல இழை என்பதால் முனையில் பின் லக் போட்டுக் கிரிம்ப் செய்து நுழைத்தால் இழைகள் பிரிந்து பக்கத்து முனையைத் தொடாது. ஒரு ஓட்டையில் இரண்டு வயரைத் திணிக்காதீர்கள். கிளை எடுக்க லீவர் கனெக்டர் இருக்கிறது.

ஸ்விட்ச் விஷயத்தில் ஒரு யோசனை. சாதாரண ஸ்விட்ச் ஆன் ஆஃப் மட்டும் செய்யும், சுவரிலிருந்தே மங்கலாக்க முடியாது. அதே பிளேட்டில் அதே கம்பெனியின் காலிங் பெல் புஷ் மாடுலைப் போட்டால் ஒரு தட்டலில் ஆன் ஆஃப், அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் ஏறும் இறங்கும். ஆப்பைத் திறக்காத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது இல்லாமல் டிம்மர் போடுவதே வீண். கட்டில் பக்கம் இன்னொரு ஸ்விட்ச் வேண்டுமென்றால் இரண்டாவது பெல் புஷ்ஷை முதலாவதோடு இணையாக அதே 'எஸ்டபிள்யூ1'க்குக் கொடுத்தால் முடிந்தது. ஏற்கெனவே டூ வே ஸ்விட்ச் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். அமைப்பில் பட்டன் வகையை 'எட்ஜ்' என்று மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒவ்வோர் இரண்டாவது தட்டலும் வேலை செய்யாதது போல் இருக்கும்.

பெட்டி ஜிஐ மெட்டல் என்றால் வைஃபை பலவீனமாகும். ரவுட்டர் இரண்டு சுவர் தாண்டி இருந்தால் இது நிச்சயம் தெரியும். டிம்மரை ஸ்விட்சுகளுக்கு அடியில் புதைக்காமல் பிளாஸ்டிக் பிளேட்டுக்கு நெருக்கமாக, காலி மாடுலுக்குப் பின்னால் வையுங்கள். காற்றுக்கும் அதுவே நல்லது.

அமைப்பு

மின்சாரம் கொடுத்ததும் ஃபோனின் வைஃபை பட்டியலில் 'ஷெல்லிடிம்மர்2' என்று தொடங்கும் பெயர் வரும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதில் சேர்ந்து, பிரவுசரில் 192.168.33.1 திறந்தால் அமைப்புப் பக்கம். வீட்டு வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். பெயர் வரவில்லை என்றால், மின்சாரம் கொடுத்த முதல் ஒரு நிமிடத்துக்குள் ஸ்விட்சை ஐந்து முறை தட்டினால் மீண்டும் வரும். ரவுட்டரில் ஒரே ஐபி கிடைக்கும்படி ரிசர்வ் செய்துவிடுவது பின்னால் தலைவலியைக் குறைக்கும்.

ஃபர்ம்வேரைப் புதுப்பித்த கையோடு காலிப்ரேஷன். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எல்லா பல்பும் மாட்டிய நிலையில் இதை ஓட்டினால், டிம்மர் வெளிச்சத்தை ஏற்றி இறக்கி, உங்கள் பல்பு எந்தக் கட்டத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து தன் வளைவை அமைத்துக்கொள்ளும். சில நிமிடம் லைட் பேய் பிடித்தது போல் மின்னும், குறுக்கே ஸ்விட்சைத் தொடாதீர்கள். பிறகு பல்பு எண்ணிக்கையையோ மாடலையோ மாற்றினால் மீண்டும் ஓட்ட வேண்டும்.

இதோடு சேர்ந்தது அலையை எந்தப் பக்கம் வெட்டுவது என்பது. 50 ஹெர்ட்ஸில் ஒவ்வோர் அரை அலையும் 10 மில்லி நொடி. முன் விளிம்பை வெட்டினால் வோல்டேஜ் பூஜ்யத்திலிருந்து ஒரே எகிறலில் உச்சத்துக்குப் போகும், டிரைவரின் கெப்பாசிட்டர் அப்போது கொத்தாக இழுக்கும், 'ர்ர்' என்று இரைச்சல் கேட்கும். பின் விளிம்பை வெட்டினால் ஏற்றம் இயல்பாக நடந்து பாதியில் நிற்கும், அதனால் அமைதி. எல்இடிக்குப் பின் விளிம்பு. பழைய இரும்புக் கோர் டிரான்ஸ்ஃபார்மர் ஓடும் லைட்டுக்கு மட்டும் முன் விளிம்பு. இரவில் படுக்கையறையில் இந்த வித்தியாசம் காதில் விழும்.

குறைந்தபட்ச வெளிச்சத்தை 1 சதவீதத்தில் விடாதீர்கள். லைட் துடிக்காமல் நிற்கும் இடம் வரை மெதுவாக இறக்கி, அதற்கு மேல் ஐந்து சதவீதம் கூட்டிப் பதியுங்கள். குறைந்த அளவில் எரியத் தயங்கும் பல்புக்கு 'வார்ம் அப்' வசதி உண்டு: ஆன் செய்ததும் ஒரு கணம் தூக்கி எரியவைத்துப் பிறகு இறக்கும்.

மின்சாரம் போய் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதை 'ஆஃப்' அல்லது 'கடைசி நிலை' என்று வையுங்கள். 'ஆன்' என்று விட்டால் நள்ளிரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் ஹால் முழுக்கக் கல்யாண மண்டபமாகும். நைட் மோடும் பயனுள்ளது: இரவு 11 முதல் காலை 5 வரை எப்போது போட்டாலும் 15 சதவீதம்தான் என்று நிறுத்திவிடலாம்.

குறை என்று பார்த்தால், எம்க்யூடிடியை (வீட்டுக்குள்ளேயே கருவிகள் செய்தி பரிமாறும் முறை) இயக்கினால் ஷெல்லியின் கிளவுட் அணைந்துவிடும், இரண்டும் சேர்ந்து வராது. அலெக்சா, கூகிள் வேண்டும் என்பவர்கள் கிளவுடை வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வீட்டிலேயே ஓட்டும் 'ஹோம் அசிஸ்டன்ட்' மென்பொருள் வழியாகச் சுற்றி வர வேண்டும். ஆனால் இன்டர்நெட் போனாலும் சுவர் ஸ்விட்சும் வீட்டு வைஃபைக்குள் கட்டுப்பாடும் நிற்காது. மலிவான டச் பேனல் போர்டுகள் பலவற்றில் இது கிடைப்பதில்லை.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் அங்கே பேர்பெற்ற லூட்ரான் கசேட்டா டிம்மரைச் சொல்லி வாங்கிவரும் பழக்கமும் இருக்கிறது. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் மாட்டக் கூடாது. ஒரே ஒரு டேபிள் லேம்புக்கோ, ஒற்றை பல்புக்கோ டிம்மர் தேடுகிறீர்கள் என்றால் ஷெல்லியும் வேண்டாம், ஒரு ஸ்மார்ட் பல்பு வாங்கிப் போடுங்கள்.

கடைசியாக, பிளேட்டை மூடும் முன் 'எல்', 'ஓ', 'எஸ்டபிள்யூ1' வயர்களில் டேப் சுற்றிப் பெயர் எழுதி ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள். என்றாவது டிம்மர் போய்விட்டால், 'ஓ'விலிருந்த வயரை 'எஸ்டபிள்யூ1'க்குப் போன ஸ்விட்ச் முனையில் மாட்டினால் பழைய லைட் பழையபடி எரியும். அங்கே பெல் புஷ் போட்டிருந்தால் முதலில் அதைச் சாதாரண ஸ்விட்சாக மாற்ற வேண்டும்.