சிட்டுக்குருவிக்கு எது நல்ல வீடு: மரப்பெட்டியா, மண்கலயமா, சுவர்ப் பொந்தா?

மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள் வந்தால் எங்கும் கூடு கொடுக்கிறார்கள். ஒருவர் மரப்பெட்டி தருகிறார், இன்னொருவர் மண்கலயம். பிள்ளைகள் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு எடுத்து வருகிறார்கள். வாங்கியவர்களும் ஆசையாகத்தான் மாட்டுகிறார்கள். ஆனால் பல வீடுகளில் அது இரண்டு வருடம் காலியாகத் தொங்கிவிட்டுக் குப்பைக்குப் போகிறது. "இப்பல்லாம் குருவியே இல்லைங்க" என்று முடித்துவிடுகிறார்கள்.

குருவி இருக்கிறது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-ல் வெளிவந்த அறிக்கையின்படி, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை பெரிதாகச் சரியவில்லை. சென்னை போன்ற பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. மளிகைக் கடை ஷட்டருக்கு மேலே, பேருந்து நிலையக் கூரை இடுக்கில் எல்லாம் இன்றும் கத்திக்கொண்டுதான் இருக்கின்றன. பழந்தமிழில் இதற்கு 'மனையுறை குரீஇ', அதாவது வீட்டில் வாழும் குருவி என்று பெயர். ஓட்டு வீட்டில் இறவாரம், கைமரச் சந்து, சுவரில் சாய்த்து மாட்டிய சாமி படத்தின் பின்பக்கம் என்று அதற்கு ஏகப்பட்ட இடம். தளம் போட்டு, பூசி மெழுகி, ஜன்னலுக்கு வலை அடித்த வீட்டில் அந்தச் சந்துகள் இல்லை. அதற்கு ஈடாகத்தான் இந்தக் கூடுகள். ஆறு வருடமாக ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தவன் என்ற முறையில் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

அட்டைப்பெட்டியை முதலில் பேசிவிடலாம், சொல்வதற்கு அதிகம் இல்லை. கூரைக்கு அடியில், சாரல் படாத இடத்தில் வைத்தால் குருவி வரும். ஆனால் டேப் இளகி, குஞ்சு இருக்கும்போது அடி பிரிந்தால் எல்லாம் போச்சு. எங்கள் தாழ்வாரத்தில் அப்படி மூன்று குஞ்சுகள் விழுந்து செத்தன. அதற்கப்புறம் நான் அட்டை வைப்பதில்லை, யாருக்கும் சொல்வதும் இல்லை. தேங்காய்ச் சிரட்டையும் வேண்டாம். நான்கு குஞ்சுகள் வளர அதில் இடம் போதாது.

மண்கலயத்தின் பெரிய பலம் குளிர்ச்சி. சித்திரை வெயிலில் கை வைத்துப் பார்த்தால் பெட்டிக்கும் கலயத்துக்கும் வித்தியாசம் தெரியும். பார்க்கவும் அழகு. சிக்கல் வாயில் இருக்கிறது. குயவர் செய்த சாதாரணக் கலயத்தை அப்படியே கவிழ்த்தோ சாய்த்தோ கட்டினால் அகன்ற வாய் வழியாகக் காகம் தலையை விடும், மைனா குடியேறும், அணில் முட்டையைத் தூக்கிவிடும். வாயை மூடிவிட்டுப் பக்கவாட்டில் சின்னத் துளை போட்ட கலயம்தான் உதவும். சூளைக்குப் போகும் முன்பே துளை போட்டுத் தரச் சொல்ல வேண்டும். கயிற்றில் தொங்கவிட்டால் காற்றுக்கு ஆடும். ஆடுகிற கலயத்தைக் குருவி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கம்பி வளையம் போட்டுச் சுவரோடு சேர்த்து இறுக்கிய பிறகுதான் வைக்கோல் கொண்டுவந்தது. இன்னொரு குறை, திறந்து சுத்தம் செய்ய வழி இல்லை. பழைய கூட்டின் மேலேயே அடுத்த கூடு கட்டும். இரண்டு மூன்று முறை குஞ்சு பொரிப்பதற்குள் பேன் பெருகிவிடும்.

மரப்பெட்டி இந்தக் குறைகள் பலவற்றைத் தீர்க்கிறது, அளவு சரியாக இருந்தால் மட்டும். துளை 32 மில்லிமீட்டர், தச்சரிடம் ஒன்றேகால் இன்ச் என்றால் புரிந்துகொள்வார். இந்த அளவில் குருவி நுழையும், மைனா நுழையாது. கடையில் விற்கும் பெட்டிகள் பலவற்றில் துளை இரண்டு இன்ச் இருக்கிறது. அது மைனாவுக்கு வீடு கட்டித் தருவது. தளம் 15 சென்டிமீட்டருக்கு 15, துளை பெட்டியின் அடிப்பலகையிலிருந்து ஒரு சாண் அளவு மேலே, அடியில் தண்ணீர் வடிய நான்கு சிறு துளைகள், பக்கப் பலகை ஒன்று திறக்கிற மாதிரி. உள்ளே பெயின்ட், வார்னிஷ் கூடாது. துளைக்குக் கீழே அழகுக்காக ஒரு குச்சி வைக்கிறார்களே, அது வேண்டவே வேண்டாம். குருவிக்கு அது தேவையில்லை. காகம் உட்கார்ந்து குஞ்சைக் கொத்தத்தான் உதவும்.

பெட்டியின் எதிரி வெயில். மேற்குச் சுவரில் மாட்டிய என் முதல் பெட்டி மத்தியானத்தில் அடுப்பு மாதிரி காய்ந்தது, எதுவும் வரவில்லை. அதே பெட்டி வடக்குச் சுவரில் சன்ஷேடுக்கு அடியில், பத்தடி உயரத்துக்குப் போனதும் குடி வந்தது. ஃபேன் சுற்றும் அறைக்குள் எந்தக் கூடும் வேண்டாம். குருவி கூட்டமாக வாழ்வது; இரண்டு மூன்று பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நல்லது.

சரி, இந்த மூன்றையும் விட எனக்குப் பிடித்தது நாலாவது வழி: சுவரிலேயே பொந்து விடுவது. முன்பெல்லாம் கொத்தனார்கள் சாரம் கட்டிய கம்பு ஓட்டைகளை அடைக்காமல் விட்ட சுவர்களில் ஓட்டைக்கு ஒரு ஜோடி இருக்கும். கனத்த சுவருக்குள் வெயிலும் மழையும் அவ்வளவாக எட்டாது, ஆணி துருப்பிடித்து விழும் பயமும் இல்லை. பிரிட்டனில் உழவாரன் (ஸ்விஃப்ட்) என்ற வேறொரு பறவைக்காக உள்ளே குடைவான செங்கல் செய்து சுவரோடு வைத்துக் கட்டுகிறார்கள். அதில் சிட்டுக்குருவியும் தாராளமாகக் குடியேறுகிறது. நம் ஊரில் ஒரு செங்கல் அகலம், இரண்டு வரிசை உயரம் இடம் விட்டு, முகப்பில் ஒன்றேகால் இன்ச் துளையுள்ள பலகையைத் திருகி வைத்தால் போதும். பலகையைக் கழற்றிச் சுத்தமும் செய்யலாம். என் தங்கை வீடு கட்டும்போது கொத்தனாரிடம் கேட்டேன். "பாம்பு ஏறிடும் தம்பி" என்றார். மரமோ குழாயோ பக்கத்தில் இல்லாத வழவழப்பான சுவராகப் பார்த்து, மாடி உயரத்தில் இரண்டு பொந்து விட வைத்தேன். இரண்டிலும் இப்போது குருவி.

ஆகவே வீடு கட்டப்போகிறவர்களுக்குச் சுவர்ப் பொந்து. கட்டி முடித்தவர்களுக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் மரப்பெட்டி. வெக்கை தாங்காத மொட்டைமாடிப் பக்கம் என்றால், துளை சரியாக உள்ள மண்கலயம்.

எந்தக் கூடானாலும் பக்கத்தில் பூச்சி வேண்டும். பெரிய குருவி அரிசி, கம்பு தின்னும். குஞ்சுக்கோ புழு பூச்சிதான் ஊட்டும். நான்கு செம்பருத்தி, ஒரு மருதாணிப் புதர் இருந்து, மருந்து அடிக்காமல் விட்டால் நல்லது. முட்டை பொரிய 11 முதல் 14 நாள், குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரம். அந்த ஒரு மாதம் பெட்டியைத் திறக்காதீர்கள். நாம் வைத்ததை விட்டுவிட்டு மீட்டர் பெட்டியில் கட்டினாலும் அதே ஒரு மாதம்தான். சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020-ல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டபோது, ஊரே ஒரு மாதத்துக்கு மேல் விளக்குப் போடாமல் இருட்டில் நடந்தது.

பெட்டி மாட்டிய வாரமே வரவில்லை என்று இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வடக்குச் சுவரில் என் இரண்டாவது பெட்டிக்கு ஜோடி வர ஏழு மாதம் ஆனது.